சாப்பிட வா என்று கூப்பிடும் ஊருக்கு டிவி வந்தபோது

ஃபிஜி கிராமங்களில் சாப்பாட்டு வேளையில் வாசல் வழியே யார் நடந்து போனாலும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "மை கனா!" சாப்பிட வா என்று அர்த்தம். டாலோ என்கிற சேம்புக் கிழங்கு, மரவள்ளி, தேங்காய்ப்பாலில் வெந்த மீன், கீரை என்று வயிறு நிறைய இருக்கும். பசி குறைவதற்கு அங்கே 'மதாக்கே' என்று ஒரு நோய்ப் பெயரே உண்டு. பெண் தட்டைத் தள்ளி வைத்தால் வீட்டுக்காரர்கள் கவலையோடு மூலிகைச் சாறு கொடுப்பார்கள். ஊரிலிருந்து வந்த அத்தை கன்னத்தைத் தொட்டு "என்னடி இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்று கேட்பாளே, அதே பதற்றம்தான். ஒருத்தியின் உடம்பைப் பார்த்தாலே அவள் வீடும் ஊரும் அவளை எப்படிக் கவனித்துக்கொள்கின்றன என்று தெரிந்துவிடும் என்பது அங்குள்ளவர்களின் கணக்கு.

1995-இல் அந்த ஊர்களுக்கு டிவி வந்தது. ஒரே ஒரு சேனல். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தொடர்களும் விளம்பரங்களும் ஓடின.

ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மானுடவியலும் படித்தவர்; 1980-களிலிருந்தே ஃபிஜிக்குப் போய் வந்தவர். டிவி வந்த சில வாரங்களிலேயே வித்தி லெவு தீவின் நந்த்ரோங்கா பகுதியில், சராசரியாகப் பதினேழு வயதிருந்த 63 பள்ளி மாணவிகளிடம் அவருடைய குழு ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தது. உணவைப் பற்றியும் எடையைப் பற்றியும் 26 கேள்விகள். 20 மதிப்பெண்ணைத் தாண்டினால் உணவோடு உள்ள உறவு கலங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதை வைத்து மட்டும் நோய் என்று சொல்லிவிட முடியாது. 1998-இல் அதே பள்ளிகளில், அதே வயதிலிருந்த 65 மாணவிகளிடம் அதே தாள் மறுபடி போனது.

எல்லையைத் தாண்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். எடை குறைக்க வாந்தி எடுத்ததாக 1995-இல் ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-இல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் தாங்கள் குண்டாக இருப்பதாகச் சில நேரமாவது நினைத்தார்கள். வீட்டில் டிவி இருந்த பெண்கள் அந்த எல்லையைத் தாண்டும் வாய்ப்பு, இல்லாதவர்களைப் போலச் சுமார் மூன்று மடங்கு.

இந்த ஆய்வின் குறையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு முறையும் கேட்கப்பட்டவர்கள் வேறு வேறு பெண்கள், எண்ணிக்கையும் சிறியது. மூன்று வருடத்தில் ஊரில் டிவி மட்டும்தான் மாறியது என்றும் யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வாந்தி எடுத்தவர்களின் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து எழுந்து நிற்பதை என்னால் லேசாகத் தாண்டிப் போக முடியவில்லை.

திரையிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு இது எப்படி இறங்குகிறது? முதல் படி, ஒப்பிடுதல். நாம் எப்படி இருக்கிறோம் என்பதை அளக்கச் சரியான அளவுகோல் இல்லாதபோது மனம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அளக்கும் என்று 1954-இலேயே லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் விளக்கினார். டிவி வரும் வரை நந்த்ரோங்கா பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அம்மா, சித்தி, கூடப் படிக்கிறவள். டிவி வந்த பிறகு தினமும் மாலையில், ஆயிரம் பேரில் பொறுக்கி எடுத்த நடிகைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கண்ணும் பழகிவிடும். ஒல்லியான உடம்புகளையே தொடர்ந்து பார்த்தால் மூளை 'சாதாரணம்' என்று வைத்திருக்கும் அளவு அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். பிறகு கண்ணாடியில் தெரியும் அதே உடம்பு பெரிதாகத் தோன்றும்.

பெக்கரிடம் அந்தப் பெண்கள் பேசியதில் அழகு மட்டும் வரவில்லை. வேலை வந்தது, சம்பாத்தியம் வந்தது. திரையில் ஒல்லியாக இருந்தவர்களே நல்ல வேலையில் இருந்தார்கள், துணிச்சலாக இருந்தார்கள். அந்த வாழ்க்கைக்கு அந்த உடம்புதான் நுழைவுச்சீட்டு என்று இவர்கள் புரிந்துகொண்டார்கள். இதை வெறும் மோகம் என்று ஒதுக்குபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. முன்னேற ஆசைப்பட்ட பிள்ளைகளுக்கு அதற்கான வழி என்று காட்டப்பட்டது பட்டினி.

பட்டினி தொடங்கியதும் விஷயம் உடம்பின் கைக்குப் போய்விடுகிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை ஆறு மாதம் அரை வயிற்றில் வைத்திருந்தார். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், தாமாக முன்வந்தவர்கள், உணவுக் கவலை என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். சில மாதத்தில் சமையல் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினார்கள். தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது சிலருக்கு எவ்வளவு தின்றாலும் போதவில்லை. டயட்டைக் கைவிட்டு ராத்திரியில் டப்பாவைத் திறக்கும் பெண்ணுக்கு மன உறுதி இல்லை என்று ஏசுகிறோம். பசித்த மூளை செய்கிற வேலை அது. அந்த அளவு மீறலுக்குப் பிறகு குற்ற உணர்வு, மறுபடி பட்டினி என்று வட்டம் சுற்றத் தொடங்கும்.

சரி, வீட்டில் டிவியே வாங்காமல் இருந்தால் தப்பிக்கலாமா? பெக்கரின் குழு 2007-இல் 523 ஃபிஜி மாணவிகளிடம் மறுபடி போனது. சொந்த வீட்டில் டிவி இருக்கிறதா என்பதைவிட, தோழிகளின் வீடுகளில் இருக்கிறதா என்பதோடுதான் உணவுச் சிக்கல் அதிகம் ஒட்டிப் போனது. மதிய இடைவேளையில் யார் என்ன சாப்பிடவில்லை, யார் இடுப்பு எப்படி என்ற பேச்சாகவே அது பரவிவிடும். திரை கண்ணில் படவே வேண்டாம்.

இப்போது அந்தத் திரை உள்ளங்கையில் இருக்கிறது, அதில் தோழியும் நடிகையும் ஒன்றாகவே வருகிறார்கள். 2021-இல் வெளியான ஃபேஸ்புக்கின் உள் ஆவணம் ஒன்றில், தங்கள் உடம்பைப் பற்றி வருத்தப்பட்ட பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் அதைக் கூட்டியதாகச் சொல்லியிருந்தார்கள். உடம்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017-இல் சட்டம் அமல்படுத்தியது. நல்ல எண்ணம்தான். ஆனால் இப்படிப்பட்ட குறிப்பைப் படித்த பிறகும் பெண்கள் ஒப்பிடுவது பெரிதாகக் குறையவில்லை என்றே பல ஆய்வுகள் காட்டின.

ஓரளவு பலன் தந்திருப்பது வேறொரு முறை. எரிக் ஸ்டைஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய பயிற்சியில் பெண்கள் சின்னக் குழுவாக உட்கார்வார்கள். யாரும் பாடம் எடுப்பதில்லை. ஒல்லியாக இருந்தால்தான் மதிப்பு என்ற எண்ணத்தால் என்னென்ன இழக்கிறோம் என்று ஒவ்வொருத்தியும் தானே வாதாட வேண்டும், எழுத வேண்டும், தன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்திக்குக் கடிதம் போல. தன் வாயாலேயே சொன்னதற்கு எதிராக நடப்பது மனதுக்கு உறுத்தும். அந்த உறுத்தல்தான் இங்கே மருந்து. தோழிகள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அதில் முக்கியம்.