கொடிக்கம்பத்துக்கு எத்தனை மீட்டர்? போட்டியில் லேசருக்கு இடம் கொடுக்கலாமா?

சிங்கப்பூரின் கோல்ஃப் திடல்களில் வார இறுதிக் காலையில், பந்தை அடிப்பதற்கு முன் பலர் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றைக் கண்ணில் வைத்துக் குழியைக் காட்டும் கொடியைக் குறிபார்ப்பார்கள். வேறு சிலர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். நண்பர்களுக்குள் ஆடும்போது இதை யாரும் கேட்கப்போவதில்லை. போட்டி என்று வந்தால்தான் சர்ச்சை: தூரத்தை இயந்திரம் சொல்லிவிட்டால் ஆட்டக்காரரின் திறமைக்கு என்ன மிச்சம்? நிறையவே மிச்சம் இருக்கிறது என்பது என் கருத்து. அது ஏன் என்று புரிய, அந்தக் கருவி எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்று பார்க்க வேண்டும்.

முதலில் லேசர் கருவி. பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகள் கிளம்புகின்றன. பெரும்பாலான கருவிகளில் அவற்றின் அலைநீளம் 905 நானோமீட்டர். கொடி 150 மீட்டரில் இருந்தால், போய்வர 300 மீட்டர். ஒளிக்கு அது ஒரு மைக்ரோ வினாடிப் பயணம், அதாவது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. துடிப்பு கிளம்பும்போது உள்ளே ஒரு நேரங்காட்டி ஓடத் தொடங்கும். எதிரொளி திரும்பி உணரியில் பட்டதும் நிற்கும். ஒரு மீட்டர் பிசகாமல் தூரம் சொல்ல, நேரத்தை ஏறக்குறைய 6.7 நானோ வினாடிக்குள் பிடிக்க வேண்டும். ஒரே துடிப்பை நம்பி இதைச் செய்ய முடியாது. வெயிலும் சேர்ந்து உணரியைக் குழப்பும். அதனால் நூற்றுக்கணக்கான துடிப்புகளை அனுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். தற்செயல் பிழை, அளவீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும்: 100 துடிப்புகள் என்றால் பிழை பத்தில் ஒரு பங்கு.

நேரத்தை அளப்பதைவிடச் சிக்கலானது, ஒளி எதன்மேல் பட்டது என்று கண்டுபிடிப்பது. ஒளிக்கற்றை போகப்போக விரியும். ஒரு மில்லிரேடியன், அதாவது சுமார் 0.06 டிகிரி, விரிந்தாலே 150 மீட்டரில் அதன் அகலம் 15 சென்டிமீட்டர். கொடிக்கம்பமோ ஓரிரு விரல் தடிமன்தான். கம்பத்தில் படாத ஒளி அதைத் தாண்டிப் போய், பின்னால் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் பட்டுத் திரும்பும். ஆக இரண்டு எதிரொளிகள் வரும்: ஒன்று 150, இன்னொன்று 185 என்று வைத்துக்கொள்வோம். கொடிக்கான அமைப்பில் கருவி அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கும். நம் ஊரில் காற்றே இல்லாத காலைகளில் கொடித்துணி விரியாமல் கம்பத்தோடு ஒட்டிக்கிடக்கும், இலக்கு இன்னும் சுருங்கிவிடும். இதற்காகத்தான் பல திடல்களில் கம்பத்தின் உச்சியில் சின்னப் பட்டகம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட அந்தப் பட்டகம், ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும். சைக்கிளின் பின்பக்கச் சிவப்புப் பிரதிபலிப்பானில் இருப்பதும் இதே வடிவமைப்புதான். 1969இல் அப்பல்லோ 11 நிலவில் வைத்துவிட்டு வந்ததும் இதுதான். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் அதில் பட்டு இரண்டரை வினாடியில் திரும்புகிறது.

கனமழையில் இந்த 'அருகில் இருப்பதை எடு' உத்தி கவிழும், ஏனென்றால் மழைத்துளிகளே அருகில் எதிரொளி தரும். இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்சாதனக் காரில் வைத்திருந்த கருவியை வெளியே எடுத்ததும் லென்ஸ் பனித்துப்போகும். இங்கே காற்றில் இருக்கும் ஈரம் சுமார் 24, 25 டிகிரியிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடுகிறது. காருக்குள் லென்ஸ் அதைவிடக் குளிர்ந்திருக்கும். துடைத்துப் பயனில்லை, மறுபடி படியும். சற்று முன்பே எடுத்து வெளியில் வைத்துவிடுவதுதான் வழி.

ஜிபிஎஸ் கடிகாரம் வேறு ரகம். அது கொடியைப் பார்ப்பதே இல்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகளை வைத்து நீங்கள் நிற்கும் இடத்தைக் கணித்து, தன்னிடமுள்ள திடல் வரைபடத்தோடு ஒப்பிடும். அதனால் குழியைச் சுற்றியுள்ள, புல்லை ஒட்ட வெட்டிய பகுதியான கிரீனின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு வரையிலான தூரங்களைச் சொல்லும். அன்றைக்குக் குழியை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பதை அது தானாக அறியாது. சில மீட்டர் பிழையும் இருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் வானில், குறிப்பாகப் பொழுது சாய்ந்தபின், வளிமண்டலத்தின் மின்னூட்டம் கொண்ட மேலடுக்கான அயனிமண்டலம் கலங்கும்போது பிழை கூடலாம்.

சரி, விதிகள் என்ன சொல்கின்றன? முன்பு முழுத் தடை. 2006இல், போட்டிக் குழு விரும்பினால் உள்ளூர் விதி மூலம் அனுமதிக்கலாம் என்றார்கள். 2019இல் அதை அப்படியே திருப்பிப் போட்டார்கள்: இயல்பாகவே அனுமதி உண்டு, வேண்டாம் என்றால் குழு தடைவிதிக்கலாம். ஆனால் தூரமும் திசையும் மட்டுமே. மேடுபள்ளத்தை அளப்பதும், திடலில் கருவியால் காற்றை அளப்பதும், எந்த மட்டையை எடுக்கலாம் என்று கருவியிடம் யோசனை கேட்பதும் கூடாது.

இந்தக் கோடு சும்மா போடப்பட்டதல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொடி 150 மீட்டர் தொலைவில், நீங்கள் நிற்கும் இடத்தைவிட 10 மீட்டர் தாழ்வாக இருக்கிறது. லேசர் அளப்பது சாய்வுத் தூரத்தை. பிதாகரஸ்படி கிடைத்தூரம் 149.67 மீட்டர், வித்தியாசம் வெறும் 33 சென்டிமீட்டர். ஆனால் உயரமாகப் போய் 45 டிகிரி சரிவில் இறங்கும் பந்து, அந்த 10 மீட்டர் பள்ளத்தால் கிட்டத்தட்ட 10 மீட்டர் கூடுதலாகப் போய் விழும். ஆகவே பல கருவிகளில் மேடுபள்ளத்தையும் கணக்கில் சேர்க்கும் 'சரிவு' பொத்தான் சொல்லும் எண்ணைத் தூரத்தின் திருத்தம் என்று சொல்ல முடியாது. பந்து எப்படிப் பறக்கும் என்ற கணிப்பு அது. அந்தக் கணிப்பு ஆட்டக்காரருடையதாக இருக்க வேண்டும்.

இங்கே நம் ஈரக்காற்றையும் சொல்ல வேண்டும். புழுக்கமான காற்று கனமானது, பந்தைப் பிடித்து இழுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறு. நீர் மூலக்கூறின் எடை 18, காற்றின் சராசரி 29. அதே வெப்பத்தில் ஈரக்காற்று சற்றே லேசானது. ஆனால் மழை ஊறிய புல்லில் விழுந்த பந்து உருளாது, பந்துக்கும் மட்டைக்கும் இடையில் நீர் புகுந்தால் சுழற்சி குறையும். 150 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனையையும் எடைபோட வேண்டியவர் மனிதர்தான்.

கண்ணால் தூரத்தை மதிப்பிடுவதே ஒரு கலை என்று எதிர்ப்பவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் தொழில்முறைப் போட்டிகளில் அந்தக் கலைக்கு எப்போதோ வேலை போய்விட்டது. தூரங்கள் அச்சிட்ட கையேடு பையில் இருக்கிறது. கேடி எனப்படும் உதவியாளர் முன்கூட்டியே திடலை நடந்து அளந்திருப்பார். உதவியாளர் இல்லாமல், பையைத் தானே இழுத்துக்கொண்டு ஆடும் கிளப் ஆட்டக்காரருக்குத்தான் அந்த வசதி கிடையாது. லேசர் அந்த இடைவெளியைக் குறைக்கிறது.

பெண்களுக்கான தொழில்முறைப் போட்டித் தொடரான எல்பிஜிஏ சுற்று 2021இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. செந்தோசாவின் தஞ்சோங் திடலில் நடக்கும் எச்எஸ்பிசி உலக வெற்றியாளர் போட்டி அந்தச் சுற்றைச் சேர்ந்தது. அதே ஆண்டு, ஆண்களின் பெரும் போட்டிகளில் முதன்முறையாக பிஜிஏ சாம்பியன்ஷிப் அனுமதித்தது. எல்லாரிடமும் லேசர் இருந்தும் அமெரிக்காவின் கியாவா தீவில் வென்றவர் 50 வயது ஃபில் மிக்கல்சன். 2025இல் ஆண்களின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரும் ஆறு போட்டிகளில் சோதித்துப் பார்த்தது.

ஆட்டம் வேகமாகும் என்ற வாதத்தை மட்டும் நான் அளவோடுதான் ஏற்பேன். தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கொடியின் தூரம் போதாது. கிரீனின் முன்விளிம்பும் வேண்டும். அங்கே லேசர் படுவதற்கு எதுவும் நிமிர்ந்து நிற்பதில்லை, அதனால் கையேட்டையும் புரட்டுவார்கள். பந்து தடம் மாறிப் பக்கத்துப் பாதையில் விழும்போதுதான் நேரம் உண்மையில் மிச்சமாகும். கையேட்டில் அந்த இடத்துக்கு எண் இருக்காது.

உள்ளூர்ப் போட்டிக் குழுக்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை. தடை வேண்டாம், முதல் குழியில் ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு கருவியின் சரிவுப் பொத்தானையும் பாருங்கள். அணைந்திருக்கிறதா என்பதைப் பல கருவிகள் வெளியிலிருந்தே தெரியும்படி நிறத்தால் காட்டுகின்றன. சரிவு வசதியைப் பயன்படுத்தினால் அடிகளை எண்ணும் ஆட்டத்தில் முதல் முறை இரண்டு அடி தண்டனை, மறுமுறை தகுதிநீக்கம். மறதியால் ஒருவர் அப்படி வெளியேறுவதை, தொடக்கத்திலேயே ஒரு பார்வையில் தடுத்துவிடலாம்.