புரட்டாசி வெயிலும் புரளும் காற்றும்

புரட்டாசி பிறந்தால் சென்னையில் ஒரு விசித்திரம் தொடங்கும். காலை பத்து மணிக்கே வெயில் முதுகில் அறையும். மாலை ஐந்து மணிக்கு மேற்கு வானம் கறுக்கும். எட்டு மணிக்கு மின்சாரம் போகும், தெருவில் தண்ணீர் ஓடும். விடிந்தால் மறுபடியும் அதே வெயில், இரவு ஒன்றுமே நடக்காததுபோல. 'புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்' என்ற பழமொழியை எதுகைக்காகக் கட்டியது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். வானிலை நூல்களைப் புரட்டத் தொடங்கிய பிறகுதான், அது காரணத்தையும் விளைவையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது என்று தெரிந்தது. காய்வதால்தான் பெய்கிறது.

அக்னி நட்சத்திரம் முடிந்து நான்கு மாதம் ஆகியும் ஏன் இப்படிக் காய்கிறது? ஒரு காரணம் சூரியன். வடக்கே போன சூரியன் திரும்பி வரும் வழியில் நம் தலைக்கு நேர் மேலே இரண்டாம் முறை கடக்கிறது. சென்னையில் அது ஆகஸ்ட் 18 வாக்கில். கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கத்தில். அன்று நண்பகலில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது.

இன்னொரு காரணம் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. அரபிக் கடலில் ஈரம் குடித்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது கேரளப் பக்கமே மழையை இறக்கிவிடுகிறது. நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுவதால், மழையோடு ஏறும் காற்று கிலோமீட்டருக்கு ஐந்தாறு டிகிரிதான் குளிர்கிறது. ஈரம் தீர்ந்து நம் பக்கம் இறங்கும்போதோ கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் சூடேறுகிறது. மழை அவர்களுக்கு, அந்த மழையின் சூடு நமக்கு. பழந்தமிழில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் கொளுத்தும் பருவத்துக்கும் 'கோடை' என்று ஒரே பெயர் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி மண்ணுருகப் பெய்யும் பாதி. பகலில் தரை சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரப் பார்க்கிறது. மேல்காற்று அதை எதிர்த்துத் தள்ளுகிறது. இந்தப் பருவத்தில் சென்னைக்குக் கடற்காற்று நண்பகலுக்குப் பிறகு தாமதமாக வருவதற்கும், சில நாள் வராமலே போவதற்கும் இந்த மல்லுக்கட்டுதான் காரணம். ஈரமான காற்றும் சூடான காற்றும் எதிரெதிரே முட்டிக்கொள்ளும் கோட்டில், இரண்டுக்கும் மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் மதியத்துக்கு மேல் பூக்கோசுபோல் பொங்கும் வெள்ளை மேகங்கள் அப்படிப் பிறப்பவை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவை விமானங்கள் பறக்கும் உயரத்தைத் தாண்டிவிடும். மேற்கிலிருந்து வீசும் காற்று அவற்றைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். ராணிப்பேட்டையில் மாலையில் இடித்தது சென்னையில் இரவில் இடிப்பது அதனால்தான்.

மழைக்குச் சற்று முன்னால் மொட்டை மாடியில் நின்றிருந்தால் இந்த இயந்திரத்தின் மிக நுட்பமான பகுதியை உடம்பாலேயே உணரலாம். இலை அசையாத புழுக்கம். கொடியில் துணிகள் செத்துத் தொங்கும். திடீரென்று மேற்கே தென்னை மட்டைகள் சலசலக்கும், ஒரு புழுதித் திரை எழும், சட்டென்று குளிர்ந்த காற்று முகத்தில் மோதும். மழை இன்னும் இரண்டு தெரு தள்ளி இருக்கும். மண்வாசனை மட்டும் முந்திக்கொண்டு வந்துவிடும். சில நிமிடங்களில் வெப்பநிலை எட்டு, பத்து டிகிரி இறங்குவதுண்டு. இந்தக் குளிர் எங்கிருந்தும் இரவல் வந்ததல்ல. மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே உலர்ந்த காற்றில் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்கு. குளிர்ந்த காற்று கனமானது. கீழே கொட்டி, தரையில் மோதி, சிந்திய தண்ணீர்போல் நாலாபுறமும் பரவுகிறது. பரவும்போது முன்னால் நிற்கும் சூடான காற்றை நெம்பித் தூக்கி அடுத்த மேகத்தை உண்டாக்குகிறது. ஒரு மேகம் சாவதற்குள் தன் வாரிசை ஏற்பாடு செய்துவிடுகிறது.

ஆனால் இந்தக் குளிர்ச்சி ஒரு ராத்திரிக்குத்தான். நிலையான மாற்றத்துக்குக் காற்றே திசை மாற வேண்டும்.

செப்டம்பர் பாதியில் ராஜஸ்தானின் மேற்குக் கோடியிலிருந்து தென்மேற்குப் பருவமழை பின்வாங்கத் தொடங்கும். சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே போக, வட இந்திய நிலம் ஆறும். கோடை முழுக்கக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த அங்கத்திய தாழ்வழுத்தம் தேய்ந்து, அழுத்தம் ஏறும். வங்கக் கடலோ சூடாகவே இருக்கும். தாழ்வழுத்தம் அங்கே இடம்பெயரும். காற்று வடக்கிலிருந்து தெற்கே நகரத் தொடங்கி, பூமியின் சுழற்சியால் வலப்புறம் ஒதுங்கி, வடகிழக்குக் காற்றாக நம் கரைக்கு வரும்.

இரண்டு காற்றுக்கும் நடுவே ஒரு காலி இடம் உண்டு. அக்டோபர் முதல் பாதியில் மேல்காற்று ஓய்ந்திருக்கும், கிழக்கிலிருந்து வர வேண்டிய கீழ்க்காற்று வந்திருக்காது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடி முழுக்கச் சுழன்ற காற்றாலைகள் சோம்பி நிற்கும். வெப்பமானி மே மாதத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஆனால் ஈரமும் அசைவின்மையும் சேர்ந்து வியர்வையை உலர விடாது. எனக்கு வருடத்தின் மிக மோசமான நாட்கள் இவைதான், மே அல்ல.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிக்க வானிலை ஆய்வு மையம் ஒரு மழையைப் பார்த்து அவசரப்படுவதில்லை. தென்மேற்குப் பருவமழை ஆந்திரக் கடலோரம் வரை விலகியிருக்க வேண்டும். தமிழகக் கரையில் கிழக்குக் காற்று நிலைத்து, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை வீச வேண்டும். கடலோரத்தில் பரவலாக மழை பெய்ய வேண்டும். சராசரித் தேதி அக்டோபர் 20, அதாவது ஐப்பசியின் முதல் வாரம். 'ஐப்பசி அடைமழை' என்றவர்களுக்கு வளிமண்டல அழுத்தம் தெரியாது, நாள்காட்டி தெரிந்திருந்தது. கிழக்குக் காற்றுக்குக் 'கொண்டல்' என்று பெயர். மேகத்துக்கும் அதுவே பெயர்.

மழை எவ்வளவு என்பது வேறு கேள்வி. பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடும் என்பது பொதுவான கணக்கு. 2015 எல் நினோ ஆண்டு, சென்னை மூழ்கியது. 2021 அதற்கு நேர்மாறாக அந்தக் கடல் குளிரும் லா நினா ஆண்டு, அப்போதும் மூழ்கியது. ஆகவே செப்டம்பரிலேயே "இந்த வருடம் வெள்ளம் நிச்சயம்" என்று அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

காற்று மாறியதை அறிய வானொலி தேவையில்லை. தேநீர்க் கடை அடுப்புப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். மழையின் நேரமும் மாறியிருக்கும். தரையில் பிறந்த மேகங்கள் மாலையிலும் இரவிலும் பெய்தன. கடலில் பிறப்பவை பின்னிரவில் வலுத்து விடியற்காலையில் கரையேறும். மேகம் பகலெல்லாம் வெயிலை மறைப்பதால் உச்ச வெப்பம் முப்பதை ஒட்டி இறங்கிவிடும். இரவுகள் மட்டும் நவம்பர் வரை பெரிதாகக் குளிராது, மேகம் போர்வையாக நிற்பதால். வானம் வெளுத்து, தரையின் சூடு தடையின்றி விண்ணுக்குப் போகும் மார்கழியில்தான் கம்பளியைத் தேடுவோம்.