இணைப்புச்சொல்: ‘எனவே’க்குள் என்ன இருக்கிறது?

இணைப்புச்சொல்லைப் பள்ளிப் பிள்ளைகள் ‘லிங்கிங் வேர்ட்ஸ்’ என்கிறார்கள். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் ‘டிரான்சிஷன்’ என்றும் வரும். ‘கடந்து போதல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இணைப்புச்சொல் என்றாலே போதும். முன் வாக்கியத்துக்கும் பின் வாக்கியத்துக்கும் என்ன உறவு என்று சொல்வதுதான் அதன் வேலை.

இலக்கணத்தில் இது இடைச்சொல் வகை. இடைச்சொல் தனித்து இயங்காது, பெயரையோ வினையையோ சார்ந்தே வரும் என்கிறது தொல்காப்பியத்தின் இடையியல். அந்த நூல் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்லும். நம் குமரி மாவட்டத்து அதங்கோடுதான் அவர் ஊர் என்று இங்கே பெருமையாகச் சொல்வோம்.

சொற்களைப் பிரித்துப் பார்த்தால்தான் சுவை. ‘எனவே’ என்பது என + ஏ. ‘என்று சொல்லவே’ என்பது அதன் உள்பொருள். ஆக, முன்னால் ஒரு காரணம் சொல்லியிருக்க வேண்டும். “பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். எனவே திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை.” இது சரி. ‘ஏனெனில்’ இதற்கு நேர்மாறு: ‘ஏன் என்றால்’ என்று கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டு காரணத்தைப் பின்னால் தரும். ‘ஆனால்’ ஆகு என்ற வினையில் பிறந்தது. “மகள் டாக்டர் ஆனால்” என்னும்போது அந்தப் பழைய வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘மேலும்’, மேல் + உம், அடுக்குவதற்கு மட்டும்.

மாணவர் கட்டுரைகளில் அதிகம் அடிபடுவது இந்த ‘மேலும்’தான். “நாஞ்சில் நாட்டில் நெல் நன்றாக விளையும். மேலும் வயல்கள் வீட்டுமனைகளாகி வருகின்றன” என்று எழுதுகிறார்கள். அங்கே பேச்சு திரும்புகிறது, அடுக்கவில்லை. ‘ஆனால்’ வர வேண்டிய இடம். இன்னொன்று, தமிழில் பல இடங்களில் இணைப்புச்சொல்லே வேண்டாம். “மழை பெய்தது. அதனால் ரப்பர் பால்வெட்டு நடக்கவில்லை” என்பதை “மழை பெய்ததால் ரப்பர் பால்வெட்டு நடக்கவில்லை” என்றால் ‘ஆல்’ என்ற வேற்றுமை உருபே இணைத்துவிடுகிறது. எனக்கு இதுதான் அழகாகத் தெரிகிறது.

அப்புறம், நம் ஊர்ப் பேச்சில் ‘பின்ன’ இருக்கிறதே. எழுத்தில் ‘பின்னர்’ வெறும் காலவரிசை. வீட்டிலோ அது காரணம், முடிவு எல்லாம் சுமக்கும். “மழ பெய்யுது, பின்ன எப்பிடி வாறது?” என்பார்கள். “கோயில் கொடைக்கு வாறியா?” என்று திருவிழாவுக்கு அழைத்தால், ‘வராமல் இருப்பேனா’ என்ற பொருளில் பதிலே ஒற்றைச் சொல்தான்: “பின்ன!”