அசையாத உடம்பின் கீழே

அம்மாபேட்டையில் எங்கள் பெரியப்பாவைப் பக்கவாதத்துக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது, குடும்பமே கூடி ஒரு முடிவெடுத்தோம்: அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. நாற்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர். இனியாவது படுத்து ஓய்வெடுக்கட்டும். தூங்கினால் எழுப்பவில்லை. மல்லாந்து படுத்தவர் மல்லாந்தபடியே கிடந்தார். பன்னிரண்டாம் நாள் வேட்டி மாற்றும்போது, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் உள்ளங்கை அளவுக்குத் தோல் கறுத்திருந்ததைப் பெரியம்மா பார்த்தார்.

வீட்டுக்கு வந்த செவிலியர் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் ஒரு நொடி வெளுத்து, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பும். இங்கே நிறம் மாறவே இல்லை. "உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள்" என்றார். சுற்றியிருந்த தோலைவிடச் சூடாக இருந்தது. தொட்டால் இறுக்கமாகவும் இருந்தது. நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. கண்ணைவிடக் கைதான் அதை முதலில் கண்டுபிடிக்கும்.

அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்தப் புண் எப்படி வருகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரை அப்படிக் கிடக்க விட்டிருக்க மாட்டோம்.

தோலுக்கும் தசைக்கும் இரத்தத்தைக் கொண்டு சேர்ப்பவை தந்துகிகள். முடியைவிடப் பல மடங்கு மெல்லிய குழாய்கள் அவை. கையில் பட்டை சுற்றி அளக்கும் இரத்த அழுத்தம் 120 என்றால், அது பெரிய தமனியின் அழுத்தம். தந்துகிக்குப் போய்ச் சேரும்போது அது மிகவும் குறைந்துவிடும். 1930ல் யூஜீன் லாண்டிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் விரல் நகத்தின் ஓரத்துத் தந்துகிகளில் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அளந்தார். இரத்தம் நுழையும் முனையில் சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருந்தது. எடையாகச் சொன்னால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 43 கிராம். ஒரு சிறிய கோழி முட்டையின் கனம். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக அழுத்தினால் குழாய் நசுங்கி இரத்தம் நின்றுவிடக்கூடும். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் இந்த எண் மாறும். ஆனாலும் எவ்வளவு சிறிய கனம் போதும் என்பதை அது காட்டுகிறது. பாயிலோ பலகையிலோ மல்லாந்து கிடப்பவரின் இடுப்பு எலும்புக்கடியில் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் விழும்.

எல்லா இடத்திலும் அப்படி விழுவதில்லை. தொடையில் சதை இருக்கிறது, கனம் பரவிவிடும். எலும்பு தோலுக்கு அருகே துருத்தி நிற்கும் இடங்களில்தான் ஆபத்து: பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, முதுகுத்தண்டின் அடி, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், குதிகால். அங்கேயும் அழுத்தம் உச்சத்தில் இருப்பது எலும்பை ஒட்டிய ஆழத்தில். தசைக்குத் தோலைவிட அதிக இரத்தம் தேவை என்பதால் அதுதான் முதலில் சாகிறது. வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தெரிகிற புண்ணுக்குள் ஒரு கிண்ணம் அளவுக்குக் குழி இருப்பது இதனால்தான்.

அப்படியானால் நமக்கு ஏன் வருவதில்லை? நாம் தூங்கும்போதும் புரள்கிறோம். ஓரிடத்தில் இரத்தம் தடைப்பட்டால் அங்கே வலியும் மரத்த உணர்வும் கிளம்பி, தூக்கம் கலையாமலே உடம்பைத் திருப்பிவிடும். திரும்பியதும் பட்டினி கிடந்த இடத்துக்கு இரத்தம் பாய்ந்து, தோல் கொஞ்ச நேரம் சிவந்து, பிறகு தெளியும். பக்கவாதம் வந்தவருக்கு அந்தச் செய்தி மூளைக்குப் போவதில்லை. போனாலும் கை கால் கேட்பதில்லை. ஏற்காட்டு மலையில் சில்வர் ஓக் மரத்தில் கவாத்து வேலை செய்யும்போது விழுந்து முதுகுத்தண்டு முறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வே இல்லை; குதிகாலில் எலும்பு தெரியும்வரை வலிக்கவில்லை. மலைக் குளிருக்குக் கம்பளியைக் கால்வரை இழுத்துச் செருகி வைத்திருந்ததால் வேறு யாரும் பார்க்கவும் இல்லை.

அழுத்தம் எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். 1959ல் மைக்கேல் கோசியாக் நாய்களிடம் செய்த சோதனைகளில் இது தெளிவானது: கடும் அழுத்தம் கொஞ்ச நேரத்தில் செய்யும் கேட்டை, குறைந்த அழுத்தம் நீண்ட நேரத்தில் செய்துவிடும். கனத்தை நம்மால் முழுக்க நீக்க முடியாது. நேரத்தை உடைக்க முடியும்.

1944ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயப் பிரிவை ஏற்றுக்கொண்ட லுத்விக் குட்மன் (பின்னாளில் பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டவர் இவர்தான்) செய்ததும் அதையே. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் திருப்ப ஆள் வைத்தார். அதுவரை புண்ணும் சீழும் பிடித்துச் செத்தவர்கள் பிழைக்கத் தொடங்கினார்கள். இரண்டு மணி என்பது மாறாத விதி அல்ல. நல்ல மெத்தை இருந்தால் சிலருக்கு இடைவெளியை நீட்டலாம். எலும்பும் தோலுமாக மெலிந்தவருக்குக் குறைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்தால் மொத்தக் கனமும் இரண்டு எலும்புகளில் இறங்குவதால் கால் மணி, அரை மணிக்கொரு முறை சாய்த்து அசைக்க வேண்டும்.

திருப்புவதிலும் முறை இருக்கிறது. முழுக்க ஒருக்களித்துப் போட்டால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பு மாட்டிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி மட்டும் சாய்த்தால் கனம் புட்டத்துச் சதையில் இறங்கும். எந்த எலும்பும் சிக்காது. முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கடியில் இன்னொன்று, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி.

இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, எலும்பு உள்ளே நகர்கிறது. நடுவிலுள்ள குழாய்கள் முறுக்கிக் கிழிகின்றன. கஞ்சி குடிக்கத் தலையை உயர்த்தியவர் மெல்லச் சறுக்கும்போதும் இதேதான் நடக்கிறது. ஆகவே சாப்பிட்டு அரை மணி, ஒரு மணி கழித்துத் தலைப்பக்கத்தை மறுபடி 30 டிகிரிக்குள் இறக்கிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை விரித்தோம். பக்கத்துக்கு ஒருவராக நின்று ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கினால் போதும்.

சேலத்துச் சித்திரை வெயிலில் ரெக்சின் விரிப்பில் வியர்வையோடு ஊறிய தோல் சீக்கிரம் உரியும். மேலே பருத்தித் துணி வேண்டும், சிறுநீர் பட்டால் உடனே துடைத்து உலர்த்த வேண்டும். கறுத்த இடத்தை எண்ணெய் விட்டுத் தேய்க்கவே கூடாது. நொந்த திசுவை அது மேலும் சிதைக்கும். வளையம் போன்ற ரப்பர் திண்டு ஓட்டையைச் சுற்றி இரத்தத்தை நெரிக்கும். குதிகாலுக்கடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை வைப்பதாலும் பயனில்லை. உள்ளே உள்ள காற்றறைகள் மாறி மாறி உப்பும் மெத்தை உதவும். ஆனால் அதை வாங்கிப் போட்டுவிட்டுத் திருப்புவதை நிறுத்தினால் புண் வரும். தோல் கிழிந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ கண்டாலோ மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெரியம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் எழுதி வைத்தார்: ஆறு இடது, எட்டு மல்லாந்து, பத்து வலது. விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்த்த அண்ணன் பகலுக்கு மாறிக்கொண்டார். தோல் கிழியவில்லை, கறுப்பு தெளிய ஐந்து வாரம் ஆனது. மூன்றாம் மாதத்தில் ஓர் இரவு, இரண்டு மணிக்கு அலாரம் அடித்து இருவரும் எழுந்து வந்தபோது, பெரியப்பா தன் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்.