சொல் விளக்கம்: ஆர்கன் சிம்பொனி

சிம்பொனி என்றதும் மேடை நிறைய வாத்தியக்காரர்களும், கையில் கோலுடன் அவர்களை நடத்துபவரும் கண்ணுக்குள் வருவார்கள். ஆர்கன் சிம்பொனி என்பது, குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் ஆர்கனுக்கு மட்டுமே எழுதப்பட்ட சிம்பொனி. அதை வாசிப்பவரோ ஒரே ஆள். பெயர் பொய் சொல்கிறதோ என்று தோன்றும்.

இல்லை. கிரேக்கத்தில் 'சின்' என்றால் கூட. 'ஃபோனே' என்றால் ஒலி. எத்தனை பேர் என்ற பேச்சே அதில் இல்லை. இடைக்கால ஐரோப்பாவில், கைப்பிடியைச் சுழற்றினால் சக்கரம் நரம்புகளை உரசிப் பாடும் ஒரு தனிக் கருவிக்கும் 'சிம்ஃபோனியா' என்ற பெயர் இருந்தது. வாத்தியக் குழு அந்தச் சொல்லைத் தனதாக்கிக்கொண்டது பின்னால்தான்.

அதை ஆர்கனுக்குக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். முதலில் மாறியது கருவி. பாரிஸின் சேன் சுல்பீஸ் தேவாலயத்துக்கு, ஆர்கன் கட்டும் கலைஞரான கவாயே-கோல் 1862இல் கட்டி முடித்த ஆர்கனில் 100 ஸ்டாப்புகள். ஸ்டாப் ஒன்றை இழுத்தால் ஒரு குழல் வரிசையின் குரல் திறக்கும். புல்லாங்குழல்போல் ஒலிக்கும் அவருடைய வரிசை ஒன்றைப் பாருங்கள்: வேண்டியதைப்போல் இரு மடங்கு நீளக் குழல், நடுவே சிறு துளை. காற்று புகுந்ததும் ஒலி அடிச்சுரத்தை விட்டு மேல் ஸ்தாயிக்குத் தாவும். உச்சத்தில் மெலியாமல் திரண்டு நிற்கும். இசையமைப்பாளர் செசார் ஃபிராங்க் தம் ஆர்கன் ஆக்கம் ஒன்றின் தலைப்பில் 'சிம்பொனி சார்ந்த' என்று பெயரடையோடு நிறுத்திக்கொண்டார். சேன் சுல்பீஸ் ஆர்கன் கலைஞர் விடோர் 1872இல் வெளியிட்ட நான்கு ஆக்கங்களுக்குச் சிம்பொனி என்றே பெயர் வைத்தார்.

அமெரிக்காவுக்கு இந்த மரபைச் சுமந்து சென்றவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு ஆர்கன் கலைஞர் கில்மான். (அவர் தம் பெரிய ஆக்கங்களைச் 'சொனாட்டா' என்றே அழைத்தது வேறு கதை.) அவருடைய மாணவர் வில்லியம் கார்ல் 1899இலேயே நியூயார்க்கில் குருவின் பெயரில் ஆர்கன் பள்ளி தொடங்கியிருந்தார். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் கில்மான் 40 கச்சேரிகள் வாசித்தார். அங்கே அவர் வாசித்த ஆர்கன் பிறகு 13 சரக்கு வேகன்களில் பிலடெல்பியாவின் வானமேக்கர் அங்காடிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆம், கடைக்கு! 1921இல் அங்கே பிரெஞ்சு ஆர்கன் கலைஞர் மார்செல் டூப்ரே, கையில் கொடுக்கப்பட்ட பழைய தேவாலய மெட்டுகளைக் கொண்டு ஒரு முழுச் சிம்பொனியை மனோதர்மமாகவே வாசித்தார்; அதைப் பிற்பாடு எழுத்தில் வடித்ததுதான் 'பேஷன் சிம்பொனி' (பேஷன் என்றால் இங்கே இயேசுவின் பாடுகள்). அமெரிக்கர்களும் பின்தங்கவில்லை. பிரெஞ்சு ஆர்கன் கலைஞர் வியேனிடம் பயின்ற எட்வர்ட் ஷிப்பன் பார்ன்ஸும், 1930இல் லியோ சவர்பியும் ஆர்கன் சிம்பொனி எழுதினார்கள்.

ஒரு குழப்பத்தைத் தவிர்க்கவேண்டும். 1925இல் நியூயார்க்கில் நாடியா பூலாஞ்சே ஆர்கன் வாசிக்க அரங்கேறிய, அமெரிக்க இசையமைப்பாளர் கோப்லாண்டின் ஆக்கம், ஆர்கனும் வாத்தியக் குழுவும் சேர்ந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸின் மூன்றாம் சிம்பொனியும் அப்படியே. அதை 'ஆர்கன் சிம்பொனி' என்று அழைப்பது வெறும் செல்லப்பெயர்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஒத்திசை' வேர்ப்பொருளுக்கு நேரானது. ஆனால் 'ஒத்திசைவு' ஏற்கெனவே, பல சுரங்கள் ஒரே சமயத்தில் இணைந்தொலிக்கும் ஹார்மனிக்குப் போய்விட்டது. என் தேர்வு 'பல்லியம்'. பல் + இயம். இயம் என்றால் வாத்தியம். குறுந்தொகையிலேயே 'பல்லியம் கறங்க' என்று வருகிறது. வாத்தியக் குழுவுக்கு இன்று சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கருவிக்குள் பல இயங்களை அடைத்த கவாயே-கோலின் வேலைக்கு இன்னும் பொருந்துகிறது. ஆகவே, ஆர்கன் பல்லியம். ஆர்கன் என்ற சொல்லில் கைவைக்க வேண்டாம். தேவாலயத்தில் அது எப்போதோ தமிழாகிவிட்டது.