உறைபனி மாதங்களில் நாய்க்கு வேலை கொடுங்கள்

டிசம்பர் பிறந்ததும் ஊட்டி, குன்னூர் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். செருப்பைக் கடித்துப் போட்டுவிட்டது, சோபாவைக் கிழித்துவிட்டது, காரணமே இல்லாமல் குரைக்கிறது. இதற்கு மருந்து இருக்கிறதா என்பார்கள். நாலு கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்: குளிருக்குப் பயந்து காலை நடையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருக்கும். சாப்பாடு மட்டும் குறைந்திருக்காது. "குளிருக்கு நல்லது" என்று ஒரு கரண்டி கூடவே போயிருக்கும்.

நடையை நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கினால், தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களில் விடியும்போது புல்தரை உப்பு தூவியதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் நாயை வெளியே கொண்டுபோவது வீண். அதைவிடப் பெரிய காரணம் சிறுத்தை. அந்தியிலிருந்து அதிகாலை வரைதான் அது அதிகம் நடமாடும் பொழுது. நாய் அதற்குச் சுலபமான இரை. காலை 10 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் மதியம் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் 20 நிமிடம் ஒப்படைக்கலாம். வேகமாக இழுத்துக்கொண்டு போக வேண்டாம். 3 மீட்டர் கயிறு போட்டு, அது நின்று மோந்து பார்க்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். இரவில் வாசலில் சங்கிலி போட்டுக் கட்டும் பழக்கத்தை இந்த மாதங்களிலாவது விட்டுவிடுங்கள். சிறுத்தை வந்தால் கட்டிய நாய் ஓடவும் முடியாது.

எல்லா நாய்க்கும் ஸ்வெட்டர் தேவையில்லை. ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் பொமரேனியனுக்கும் இயற்கையே கம்பளி கொடுத்திருக்கிறது. சமவெளியிலிருந்து மலைக்கு வரும் சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்களுக்குத்தான் மயிரும் குறைவு, கொழுப்பும் குறைவு. அவற்றுக்கு நெஞ்சும் வயிறும் மூடும்படி போடுங்கள். கழுத்துப் பக்கம் இரண்டு விரல் நுழைய வேண்டும். நனைந்த ஸ்வெட்டர், ஸ்வெட்டரே இல்லாததைவிட மோசம். உடனே கழற்றிவிடுங்கள். நடுக்கம், மாறி மாறிப் பாதத்தைத் தூக்குவது, நடக்க மறுத்து வீட்டுப் பக்கம் திரும்புவது, இதில் எதைப் பார்த்தாலும் அன்றைய நடை அவ்வளவுதான்.

மிச்ச வேலை வீட்டுக்குள். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கூடத்தில் பந்தை எறிந்து ஓடவிடுவார்கள். டைல்ஸ் தரையில் வேகமாக ஓடி சட்டென்று திரும்பும் நாய்க்கு முழங்கால் தசைநார் அறுந்துபோகலாம். இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வரும் லேப்ரடாருக்கும் ஷெப்பர்டுக்கும் இது ஆகவே ஆகாது. காலுக்கு வேலை கொடுக்க முடியாத நாளில் மூக்குக்கு வேலை கொடுங்கள். கால் மணி நேரம் மோந்து தேடிய நாய் தானாகவே போய்ச் சுருண்டு படுத்துவிடும்.

வீட்டில் பழைய வார்ப்பிரும்புக் குழிப்பணியாரச் சட்டி இருந்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, ஒரு சாக்கின் மேல் வையுங்கள். ஒவ்வொரு குழியிலும் நாலைந்து உலர் தீனி உருண்டைகள். முதல் நாள் அப்படியே தின்னட்டும். மறுநாள் இரண்டு குழிகளை மட்டும் டென்னிஸ் பந்தால் மூடுங்கள். பந்து குழியைவிடப் பெரியது என்பதால் மேலே உட்கார்ந்துகொள்ளும். நாய் மூக்கால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். நாலைந்து நாளில் எல்லாக் குழிகளையும் பந்தால் மூடுங்கள், ஆனால் இரண்டில் மட்டும் தீனி வைக்காதீர்கள். அப்போதுதான் தள்ளுவதற்கு முன் மோந்து பார்க்கத் தொடங்கும். நான்ஸ்டிக் சட்டி வேண்டாம்: எடை இல்லாததால் ஒரே தட்டில் கவிழ்த்துவிடும், பூச்சும் உரியும். விளையாட்டு முடிந்ததும் பந்துகளை எடுத்து வைத்துவிடுங்கள். பெரிய நாய் பந்தைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொள்ளும்.

அடுத்தது "தேடு". நாயைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு ஆறு தீனித் துண்டுகளை வையுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பிறகு திரைக்குப் பின்னால், படிக்கட்டின் ஓரத்தில். கண்டுபிடிக்கத் திணறினால் விரலை நீட்டிக் காட்டாதீர்கள். நாய் உங்கள் விரலைப் பார்க்கப் பழகிவிடும், மூக்கை மறந்துவிடும். எட்டாத இடத்திலும் வைக்காதீர்கள். அப்புறம் சோபா கிழிந்தது என்று அதைத் திட்டுவதில் நியாயமில்லை.

இதற்கெல்லாம் தனியாகத் தீனி வாங்க வேண்டாம். 30 கிலோ லேப்ரடார் நாளுக்கு 350 கிராம் உலர் தீனி தின்கிறது என்றால் அதிலிருந்தே 100 கிராமை விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் கம்பளியில் தூங்கும் நாய்க்குக் குளிர்காலம் என்று கூடுதல் சாப்பாடு தேவையே இல்லை. விலாவில் கை வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். எலும்பு தட்டுப்படவில்லையா, எடை ஏற்கெனவே கூடிவிட்டது. சீசன் நேரத்தில் வீட்டுக்கு வரும் ஊட்டி சாக்லேட்டை உயரத்தில் வையுங்கள். அதிலுள்ள தியோப்ரோமின் நாய்க்கு விஷம். சாக்லேட் கறுப்பாக ஆக ஆக விஷமும் கூடும். கிறிஸ்துமஸ் கேக்கில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வர்க்கிகூட ஒரு துண்டோடு நிறுத்துங்கள், கொழுப்பு அதிகம்.

கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துக் குளிர்காய்வது ஆட்களுக்கே ஆபத்து. அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும் நாய்க்குச் சொல்லவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கூப்பிட்டால் எழாமல், எழுந்தாலும் தள்ளாடினால், குளிருக்கு அடங்கிக் கிடக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வயதான நாய்க்கு அரை மணி நடை வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை போதும். காலையில் எழும்போது விறைத்து நிற்கும். படுக்கையைத் தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி, வெளியே இறக்குமுன் ஐந்து நிமிடம் கூடத்திலேயே மெதுவாக நடக்கவிடுங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் அரை மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். குடலில் புண், சிறுநீரகமோ கல்லீரலோ பழுது என்று போய் முடியும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதன்மேல் அவர் போடும் வலி ஊசி சேர்ந்தால் நிலைமை இன்னும் கெடும்.