ரூபாய்க்கு எத்தனை அணா வலி?

குடியாத்தம் பக்கம் ஒரு நெசவாளர் வீடு. தாத்தாவுக்கு 83 வயது. பல வருஷத்துப் பீடிப் பழக்கத்தால் நுரையீரல் கெட்டிருந்தது. "எங்கயாவது வலி இருக்கா தாத்தா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நோட்டில் 'வலி இல்லை' என்று எழுதினேன், பிரஷர் பார்த்தேன், அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுவாரம் போனபோது மருமகள் வாசலிலேயே மறித்துக்கொண்டார். "ராத்திரி பூரா முனகிக்கினே கீறாரு சிஸ்டர். பொரண்டு படுத்தா உயிரே போவுதுன்றாரு. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. நான் கேட்டதே அவர் காதில் விழவில்லை. காது மந்தம். நர்சம்மா என்னமோ கேட்கிறாள், இல்லை என்று சொல்லிவைப்போம் என்று தலையை ஆட்டியிருக்கிறார். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில் 12 வருஷம் ஓட்டியவள் நான். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் தடவை காதோரம் குனிந்து கேட்டேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னால் விழித்தார். எங்கள் குழுவில் மூத்த சிஸ்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ரூபாய்க்குப் பதினாறு அணா. "ஒரு ரூபா முழுசுன்னா தாங்கவே முடியாத வலி. உங்களுக்கு இப்ப எத்தனை அணா?"

"பன்னண்டணா." யோசிக்கவே இல்லை. "ராத்திரில ஒரு ரூபாதாம்மா."

1957-ல் நயா பைசா வந்தபோது அவர் தறியில் உட்கார்ந்து கூலி வாங்கத் தொடங்கிவிட்டவர். அணாக் கணக்கு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்பில் ஒரு எலும்புக் கட்டை நசுங்கிப்போயிருந்தது. எத்தனை மாதமாக என்று தெரியாது. வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வயசாயிடுச்சு, அதான்."

அந்த 'வயசாயிடுச்சு'வைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். காட்பாடியிலிருந்து பேரணாம்பட்டு வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்தச் சொல்லுக்குக் கீழே வலியோ மூச்சுத்திணறலோ புண்ணோ மறைந்து கிடக்கிறது. மருந்து இருந்தும், கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

பேலியேட்டிவ் கேர், தமிழில் நோய் ஆதரவு சிகிச்சை என்று சொன்னாலே வீட்டார் முகம் மாறும். "கேன்சரா சிஸ்டர்?" என்பார்கள். இல்லையென்றால், "எத்தினி நாள்?" இரண்டும் தப்பு. கடும் நோயோடு வாழ்கிறவரின் வலியையும் தொந்தரவையும் குறைத்து, வீட்டாருக்கும் துணை நிற்கும் வைத்தியம் இது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், இந்தச் சிகிச்சை தேவைப்படும் பெரியவர்களில் 34 சதவீதம்தான் புற்றுநோயாளிகள். இதய, ரத்தநாள நோய்க்காரர்கள் அதைவிட அதிகம், 38.5 சதவீதம். தேவைப்படுகிறவர்களில் ஏறக்குறைய 14 சதவீதத்தினருக்குத்தான் அது கிடைக்கிறது. இதைத் தொடங்கினால் மற்ற வைத்தியத்தை நிறுத்த வேண்டும் என்பதும் இல்லை. பிரஷர் மாத்திரை, இன்சுலின், டயாலிசிஸ் எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கும்.

உடம்பு இறங்குவதில் மூன்று வகை உண்டு. புற்றுநோயில் இறக்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். நன்றாக இருந்தவர் சில மாதங்களில் சடாரென்று விழுவார். இதயம், நுரையீரல் நோய் வள்ளிமலைப் படி இறங்குவது மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து கொஞ்சம் தேறுவார், ஆனால் பழைய படிக்கு ஏறமாட்டார். மூன்றாவது வகை தள்ளாமையும் மறதி நோயும். அது பாலாறு வற்றிய கதை. என்றைக்கு நின்றது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. வயதானவர்களில் நாம் கோட்டைவிடுவது கடைசி இரண்டிலும்தான்.

இந்தச் சிகிச்சை யாருக்குத் தேவைப்படலாம் என்று கண்டுபிடிக்க, எடின்பரோவில் உருவாக்கிய 'ஸ்பிக்ட்' என்று ஒரு பக்கத் தாள் ஒன்று இருக்கிறது. திட்டமிடாத ஆஸ்பத்திரி அட்மிஷன், எடை குறைதல், பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிதல், சிகிச்சைக்குப் பிறகும் விடாத தொந்தரவு, பார்த்துக்கொள்கிறவருக்கே உதவி தேவைப்படுதல் என்று அதில் வரும். நல்ல தாள். ஆனால் அணைக்கட்டு ஊரில் ஒரு கூரை வீட்டில் எடை மிஷினுக்கு எங்கே போவது? நான் ஆயாவின் வளையலைப் பார்க்கிறேன். மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கைக்கு ஏறுகிறதா? ரவிக்கையில் தையல் பிடித்திருக்கிறார்களா? மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறதா? பல்செட் கழன்று கழன்று விழுகிறது என்று டம்ளரில் போட்டு வைத்திருக்கிறார்களா? ஈறு சுருங்கினாலும் பல்செட் ஆடும், ஆனால் நாலு மாதத்துக்குள் லூசாகியிருந்தால் உடம்பு இறங்கியிருக்கிறது என்று சந்தேகப்படுவேன்.

நடமாட்டத்துக்கு வேறு கேள்வி. "போன ஆடிக் கிருத்திகைக்கு எதுவரைக்கும் நடந்தாரு? இப்ப எதுவரைக்கும்?" கோயில் வரை போனவர் தெருமுனையோடு நிற்பார். பிறகு திண்ணை. பிறகு கட்டிலிலிருந்து பாத்ரூம். அப்புறம் கட்டிலுக்குக் கீழே ஒரு பாத்திரம் வந்துவிடும். அந்தப் பாத்திரம் என்றைக்கு வந்தது என்று வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆண்களிடம் கேட்டுப் பயனில்லை (அனுபவத்தில் சொல்கிறேன்).

தலையணைகளையும் எண்ணுவேன். ஒன்று மூன்றாகியிருந்தால், அல்லது சுவரில் சாய்ந்தே தூங்குகிறார் என்றால், மூச்சைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

டாக்டர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. அடுத்த 12 மாதத்துக்குள் இவர் இறந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா? நான் அதை, 'அடுத்த பொங்கலுக்கு இவர் இல்லையென்றால் திடுக்கிடுவேனா?' என்று மாற்றி வைத்திருக்கிறேன். திடுக்கிட மாட்டேன் என்று மனசு சொன்னால், இவருடைய தேவைகளை இன்றைக்கே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அர்த்தம். அது ஜோசியம் இல்லை. அப்படி நினைத்த ஆயா ஒருவர் மூன்று பொங்கல் தாண்டி இன்னும் எனக்கு வெற்றிலை நீட்டுகிறார்.

வாயால் சொல்ல முடியாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் பெரிய தவறு நடக்கிறது. ஒடுகத்தூர் போகும் வழியில் ஒரு வீடு. மறதி நோய் முற்றிய ஆயா. "குளிப்பாட்டப் போனா அடிக்கிறாங்க, கத்துறாங்க, காத்து கருப்பு அண்டிக்கிச்சோன்னு மந்திரிச்சும் பார்த்தோம்" என்றார் மகள். தூக்க மாத்திரையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் பேசாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு எப்படிப் போகிறது, முனகல் உண்டா, முகம் சுளிக்கிறதா, கை இறுகியிருக்கிறதா, தடவிக்கொடுத்தால் அடங்குகிறாரா. மறதி நோயாளிகளின் வலியை அளக்கும் 'பெயினாட்' என்ற அளவுகோல் கேட்கும் ஐந்து விஷயமும் இவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். ஆயாவுக்கு 7 வந்தது. புடவையைத் தளர்த்தி வயிற்றைத் தொட்டதும் கையைத் தட்டிவிட்டார்.

"வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சும்மா?"

மகள் விரல் விட்டு எண்ணினார். ஒன்பது நாள். எனிமா கொடுத்தோம். அன்று சாயங்காலம் ஆயா சத்தமில்லாமல் ரசம் சாதம் வாங்கிக்கொண்டார். காத்துமில்லை, கருப்புமில்லை.

அதேபோல், "சோறே துன்ன மாட்டேன்றாரு" என்றால் உடனே கடைசிக் காலம் என்று முடிவு கட்டக்கூடாது. டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். நாக்கில் தயிர் ஒட்டினது மாதிரி வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்துக்கு அடங்கும். மனச்சோர்வும் பசியைக் கொல்லும், புதிதாகத் தொடங்கிய மாத்திரையும் கொல்லும். இதையெல்லாம் பார்த்த பிறகும் சோறு இறங்கவில்லை என்றால்தான் கடைசிக் காலம் என்ற பேச்சை எடுப்போம். அப்போது வீட்டார் கேட்பது பெரும்பாலும் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க சிஸ்டர்." 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்து டீஸ்பூன். இரண்டு இட்லிக்கு மேல் தேறாது. பேதியிலோ காய்ச்சலிலோ உடம்பு வற்றினால் டிரிப் கைகொடுக்கும், அது வேறு கதை. மறதி நோய் முற்றியவர்களுக்கு மூக்குக் குழாய் போட்டாலும் ஆயுள் நீள்வதற்கு ஆதாரம் இல்லை. நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊட்டுவதே மேல்.

மெடிக்கலில் 'கை கால் வலிக்கு' என்று உதிரியாக வாங்கும் மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒன்று இருக்கும். வயதானவர்களின் சிறுநீரகத்தையும் குடலையும் அது பதம் பார்த்துவிடும். இதயம் பலவீனமானவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கவும் வைக்கும். அதைத் தயங்காமல் விழுங்குகிறவர்கள் கடும் வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் மார்ஃபினுக்குப் பயப்படுகிறார்கள். 1985-ன் போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்தியதே இந்த மருந்து நோயாளிக்குச் சுலபமாகக் கிடைக்கட்டும் என்றுதான். வலிக்கேற்ற அளவில், சிறுநீரகத்தையும் பார்த்துக் கொடுத்தால் அது ஆளைச் சீக்கிரம் கொண்டுபோகாது. மலச்சிக்கல் வரும். அதற்கான மருந்தை முதல் நாளே சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஒன்பதாம் நாள் அல்ல.

பார்த்துக்கொள்கிறவரையும் பாருங்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு மாமியாரைத் தூக்கி இறக்கும் ஒரு பெண், நான் "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டதும் அடுப்படிக்குள் போய்விட்டார். பத்து நிமிஷம் கழித்து டீயோடு வந்தார். கண் சிவந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவருடைய பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பெரியவர்களின் விருப்பம் நேராக வராது. "இனிமே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவாதீங்க, எங்க ஊட்லயே கீறேன்" என்று பேரப்பிள்ளையிடம் சொல்லியிருப்பார். புலம்பல் என்று ஒதுக்காமல், யார் யாரிடம் என்ன சொன்னார் என்று கேளுங்கள். விருப்பத்தை எழுதி வைக்கச் சட்டப்படி வழியும் இருக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023-ல் எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று இருந்தால் போதும்.

யாரிடம் போவது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், இல்லையென்றால் 104-க்குப் போன் செய்யுங்கள். அவர்கள் வரும்போது பிஸ்கெட் டின்னில் கிடக்கும் மாத்திரை, கட்டைப்பையில் இருக்கும் பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஒரே மாத்திரை இரண்டு பெயரில் ஓடிக்கொண்டிருப்பதை அந்த டின்னில்தான் பலமுறை பிடித்திருக்கிறேன்.

குடியாத்தம் தாத்தாவைப் போன வாரம் பார்த்தேன். பனை விசிறியோடு திண்ணையில் இருந்தார். மூச்சு வாங்கும்போது முகத்துக்கு நேரே வீசச் சொல்லியிருந்தோம். காதோரம் போய், "இன்னைக்கு எத்தனை அணா?" என்றேன்.

"நாலணா. ராத்திரி மாத்திரைய சீரியல் முடிஞ்சப்புறம் போட்டுக்கட்டுமா?"

காது கேட்காத மனுஷனுக்கு என்ன சீரியல் என்று உள்ளேயிருந்து மருமகள் சத்தம் போட்டார். அரை மணி நேரம் தள்ளினால் பரவாயில்லை என்று நோட்டில் எழுதிக்கொடுத்தேன்.